பேப்பரில் இருந்தது, கேமராவில் இல்லை

2024 பிப்ரவரி. கோடவுனில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் சைல்ட்ஸ் வே ரோட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். காலை ஏழுகூட ஆகவில்லை. தூறல். ஒரு ரவுண்டானாவில் போலீஸ் கார் ஒன்று எனக்கு வழிவிட்டு நின்றது. நான் கடந்ததும் என் பின்னாலேயே வந்தது. அடுத்த ரவுண்டானாவிலும் பின்னால். அதற்கு அடுத்து நீல விளக்கு.

வேகமாகப் போகவில்லை, சீட் பெல்ட் போட்டிருக்கிறேன், போன் பையில். பின் லைட் ஏதாவது எரியவில்லையோ என்று நினைத்துக்கொண்டே ஓரங்கட்டினேன். அதிகாரி குனிந்து முதலில் கேட்டது, வண்டி உங்களுடையதா என்று. ஆமாம் என்றேன். இன்சூரன்ஸ்? அதற்கும் ஆமாம். "எங்கள் சிஸ்டத்தில் இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் காட்டவில்லை" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிஸ்டம் தப்பாகக் காட்டுவது நாம் பார்க்காததா? போனை எடுத்து சர்டிஃபிகேட்டைக் காட்டினேன். என் பெயர், வண்டி நம்பர், ஜூன் வரை தேதி, எல்லாம் சரியாக இருந்தது. அவர் அதைப் பொறுமையாகப் பார்த்தார். ஒதுங்கிப் போய் யாருக்கோ போன் போட்டுப் பேசினார். திரும்பி வந்து சொன்னார்: "சர்டிஃபிகேட் சரிதான். ஆனால் பாலிசி ரத்தாகி 19 நாள் ஆகிறது."

அந்த 19 நாளும் மகளை நர்சரிக்குக் கூட்டிப்போய் விட்டுவந்தது அந்த வண்டியில்தான்.

அடுத்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்க முடியாது. வண்டியைப் பறிமுதல் செய்வதாகச் சொன்னார். இழுத்துப்போகும் லாரி வருவதற்குள் உள்ளே இருக்கும் உங்கள் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம் என்றார். முந்தின நாள் சாயங்காலம் தமிழ்க் கடையில் வாங்கிய பத்துக் கிலோ இட்லி அரிசி டிக்கியிலேயே இருந்தது. ஒரு கையில் அரிசி மூட்டை, இன்னொரு கையில் மகளின் கார் சீட், சீருடைக்கு மேலே போட்ட மஞ்சள் ஜாக்கெட். அப்படியே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு என் கார் லாரி மேல் ஏறிப் போவதைப் பார்த்தேன். அதிகாரி கடைசி வரை மரியாதையாகவே பேசினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கையில் கொடுத்த காகிதத்தில் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் ஆறு தண்டனைப் பாயிண்ட்.

எப்படி ரத்தானது என்பதுதான் இதில் முக்கியம். ஜனவரியில் பேங்க்கை மாற்றினேன். இங்கே அதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. புது பேங்க்கிடம் சொன்னால் ஏழு வேலை நாளில் பழைய கணக்கிலிருந்து போகும் தவணைகளையெல்லாம் அவர்களே இங்கே கொண்டுவந்துவிடுவார்கள். நான் கெட்டிக்காரன் இல்லையா, எல்லாவற்றையும் கையாலேயே மாற்றினேன். கரண்ட், தண்ணீர், கவுன்சில் வரி, போன் என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டு பழைய கணக்கை மூடிவிட்டேன். கார் இன்சூரன்ஸ் பட்டியலிலேயே ஏறவில்லை. காரணம், பேங்க் ஸ்டேட்மென்டில் அந்த மாதத் தவணைக்கு நேரே இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருக்காது. வருஷப் பணத்தை ஒரே தடவையில் கட்டாமல் மாதாமாதம் கட்டினால், பல இடங்களில் அது உண்மையில் ஒரு கடன். வேறொரு ஃபைனான்ஸ் கம்பெனி மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டு நம்மிடம் வட்டியோடு வசூலிக்கிறது. ஸ்டேட்மென்டில் வருவது அந்தக் கம்பெனியின் பெயர். 94 பவுண்ட் என்று போகும் அந்த வரியை மகளின் நர்சரி சம்பந்தப்பட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தவணை திரும்பியதும் அந்த ஃபைனான்ஸ் கம்பெனி மெயில் அனுப்பியிருக்கிறது. அதை நான் திறந்தும் பார்த்திருக்கிறேன்! "உங்கள் பணம் வரவில்லை, பேங்க் விவரத்தைப் புதுப்பிக்க இங்கே அழுத்தவும்" என்று இருந்தது. கேள்விப்படாத பெயர், பேங்க் விவரம் கேட்கிறது, அவசரப்படுத்துகிறது. பார்சல் வந்திருக்கிறது, வரிப்பணம் திரும்பக் கிடைக்கிறது என்று தினம் ஒரு மோசடி மெயில் வரும் ஊரில் இதை வேறு என்னவென்று எடுத்துக்கொள்வேன்? அழித்தேன். இரண்டாவதையும் அழித்தேன். பாலிசி ரத்தாகிறது என்று இன்சூரன்ஸ் ஏஜென்சி அனுப்பிய மூன்றாவது மெயில், தள்ளுபடி விளம்பரங்கள் குவியும் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"கரண்டு பில்லை மாத்தத் தெரிஞ்சவருக்கு இது தெரியலையா?" என்றாள் மனைவி. அவளும் நைட் டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. அரிசி மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள்.

போலீஸ் காருக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது ஒரு கேமரா. அது எப்படி வேலை செய்கிறது என்று அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் இந்தக் கேமரா 1976-லேயே பிரிட்டிஷ் போலீஸின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இன்று சாலையோரக் கம்பங்களிலும் போலீஸ் கார்களிலும் இருக்கிறது. பிளேட்டைப் படித்ததும் பட்டியல்களோடு ஒப்பிடும்: திருட்டு வண்டியா, சாலை வரி கட்டியதா, இன்சூரன்ஸ் உண்டா. இன்சூரன்ஸ் விவரம் எல்லாக் கம்பெனிகளும் பதிவுசெய்யும் ஒரே தேசிய டேட்டாபேஸிலிருந்து வருகிறது. அதை நடத்துவது எம்ஐபி என்ற அமைப்பு. இன்சூரன்ஸ் இல்லாதவன் மோதினாலும், மோதிவிட்டு ஓடிப்போனாலும், அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க 1946-ல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து தொடங்கியது. அந்தப் பணம் ஒழுங்காக பிரீமியம் கட்டுகிறவர்கள் தலையில்தான் விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், எம்ஐபியின் அலுவலகம் மில்டன் கீன்ஸிலேயே, லின்ஃபோர்ட் வுட்டில் இருக்கிறது. அந்தப் பக்கமாகத்தான் அந்த 19 நாளும் போய் வந்திருக்கிறேன்.

இங்கே கேமரா தானாக அபராதச் சீட்டு அனுப்புவதில்லை, இன்சூரன்ஸ் விஷயத்தில். வேகமாகப் போனால் வேகக் கேமரா படம் பிடித்து, வீட்டுக்கு நோட்டீஸ் வரும். இன்சூரன்ஸ் இல்லை என்றால் போலீஸ்காரருக்குக் காட்டிக்கொடுக்கும், அவர் நிறுத்திக் கேட்பார். இது நல்லது என்றுதான் எனக்கே தோன்றுகிறது. புது பாலிசி எடுத்தால் டேட்டாபேஸில் ஏறச் சில நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் மனிதர் ஒருவர் போன் போட்டு விசாரிப்பதால் எத்தனையோ பேர் தப்பிக்கிறார்கள். புது பாலிசி எடுத்த முதல் வாரம் சர்டிஃபிகேட்டைக் கையிலேயே வைத்திருங்கள். அதற்கப்புறம் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. டேட்டாபேஸ் என்ன சொல்கிறதோ அதுதான்.

அந்த டேட்டாபேஸை நாமே பார்க்கலாம், இலவசமாக. எம்ஐபியின் இணையதளத்தில் சொந்த வண்டியின் நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் இருக்கிறதா இல்லையா என்று உடனே சொல்லிவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதைத் திறந்ததில்லை. இப்போது மாதம் முதல் தேதி, வாடகை போன கையோடு அதையும் பார்க்கிறேன். பேங்க் மாற்றினால், வீடு மாற்றினால், வண்டி நம்பரை மாற்றினால், புதுப்பித்தால், ஒரு வாரம் கழித்துக் கட்டாயம் பார்க்கிறேன். பாலிசி எடுக்கும்போது நம்பரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டுப் பணமும் ஒழுங்காகக் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நம்முடைய காகிதத்தில் பார்த்தால் அது கண்ணில் படாது, சொந்தத் தப்பு ஆயிற்றே. டேட்டாபேஸில் தேடினால் வண்டியே இருக்காது.

சரி, வண்டியை மீட்ட கதை. இழுத்துப்போனதற்கு 192 பவுண்ட், அப்புறம் நாளொன்றுக்கு 26 பவுண்ட் வாடகை. 14 நாளுக்குள் எடுக்காவிட்டால் ஏலத்துக்கோ நசுக்குவதற்கோ போய்விடும். லைசென்ஸ், வண்டிப் பதிவுப் புத்தகம், செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் எல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். அவசரத்தில் ஒரு நாள் பாலிசி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று போனைத் திறந்தேன். நல்லவேளை, ஷிஃப்டில் கூட வேலை பார்க்கும் இலங்கைத் தமிழர் ஒருவர் தடுத்தார். "தம்பி, சின்ன எழுத்தை வாசிச்சுப் போட்டு எடுங்கோ. பொலிஸ் பிடிச்ச வாகனத்துக்கு உது செல்லாது" என்றார். அவர் சொன்னது சரி. குறுகிய கால பாலிசிகள் பெரும்பாலும் பறிமுதலான வண்டியை மீட்கச் செல்லாது என்று உள்ளேயே எழுதியிருக்கிறது. அதற்கென்று தனியாகச் சொல்லித்தான் பாலிசி எடுக்க வேண்டும். விலையும் அதற்கேற்ப. அதுவும் எந்தப் படிவத்தைத் திறந்தாலும் ஒரே கேள்வி: "இதற்கு முன் உங்கள் பாலிசியை எந்தக் கம்பெனியாவது ரத்துசெய்திருக்கிறதா?" ஆமாம் என்று அழுத்தியதும் பாதிக் கம்பெனிகள் காணாமல் போயின. இல்லை என்று பொய் சொன்னால் அந்தப் பாலிசியே நாளை செல்லாமல் போய்விடும், திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

மூன்று நாள் வாடகையோடு 270 பவுண்ட் கட்டி வண்டியை எடுத்து வந்தேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு கடிதம். உங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருப்பதாகத் தெரியவில்லை, உடனே எடுங்கள், இல்லாவிட்டால் 100 பவுண்ட் அபராதம் என்று. 2011-லிருந்து இங்கே வண்டியை ஓட்டாமல் வீட்டு வாசலில் நிறுத்திவைத்திருந்தாலும், ஓட்டவில்லை என்று முறையாக எழுதிக்கொடுக்காதவரை இன்சூரன்ஸ் கட்டாயம். அதற்கான எச்சரிக்கைக் கடிதம் அது. கேமராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இரண்டு டேட்டாபேஸ்களை ஒப்பிட்டு அனுப்புகிறார்கள். எனக்கு இருக்கும் ஒரே ஆத்திரம் இதில்தான். நான் போகும்போதே ஒரு விநாடியில் என் பிளேட்டைப் படித்து, இவனுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று போலீஸ் காருக்குச் சொல்ல முடிகிறது. என் போனுக்கு அரசாங்கத்தின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப மட்டும் முடியவில்லை. கடிதம் தபாலில் ஆடி அசைந்து வருகிறது. பிடிப்பதற்குக் காட்டும் வேகத்தில் பாதியைச் சொல்வதற்கும் காட்டினால் என்ன?

ஆனால் பணமெல்லாம் சின்ன விஷயம் என்று அடுத்த வாரம்தான் புரிந்தது. நான் திருச்சியில் பதினோரு வருஷம் கார் ஓட்டியவன். இங்கே வந்தால் இந்திய லைசென்ஸில் ஒரு வருஷம்தான் ஓட்டலாம். அப்புறம் இந்த ஊர் டெஸ்ட்டில் முதலிலிருந்து பாஸ் செய்ய வேண்டும். நான் பாஸானது 2022 நவம்பர். முதல் தடவை பாஸானதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் ஆறு பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸே ரத்து என்று 1995-ம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஊரில் ஓட்டிய பதினோரு வருஷம் கணக்கில் வராது. இன்சூரன்ஸ் இல்லாததற்கு ஒரே அடியாக ஆறு பாயிண்ட். அதாவது, 94 பவுண்ட் தவணை தவறியதற்கு நான் மறுபடி எல் போர்டு.

அபராதத்தை உடனே கட்டித் தொலைத்துவிடலாம் என்றிருந்தவனை, கோயிலில் பழக்கமான ஒருவர் நிறுத்தி, ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னார். பதில் சொல்ல 28 நாள் இருக்கிறது, அவசரமில்லை என்றார். அரை மணி நேரப் பேச்சு. வக்கீல் தெளிவாகச் சொன்னார்: தெரியாது என்பது இந்தக் குற்றத்தில் வாதமே இல்லை, ஓட்டினாய், இன்சூரன்ஸ் இல்லை, அவ்வளவுதான். ஆனால் "விசேஷக் காரணம்" என்று ஒன்று உண்டு. கம்பெனியோ ஏஜென்ட்டோ பாலிசி நடப்பில் இருக்கிறது என்று தவறாகச் சொல்லி உங்களை நம்பவைத்திருந்தால், குற்றவாளிதான் என்றாலும் பாயிண்ட் போடாமல் விட மாஜிஸ்திரேட்டுக்கு இடமிருக்கிறது. அப்புறம் கேட்டார்: "மெயில் வந்ததா?" வந்தது. "திறந்தீர்களா?" திறந்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டார். கோர்ட்டுக்குப் போய்த் தோற்றால் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது, பாயிண்ட் எட்டு வரை போகலாம். கட்டிவிட்டேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால், அதுவும் புது லைசென்ஸ் என்றால், பணத்தைக் கட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டுவிடுங்கள். கட்டியபின் கேட்டுப் பயனில்லை.

லைசென்ஸ் ரத்துக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து கோடவுனுக்கு சைக்கிள். மில்டன் கீன்ஸில் ஊர் முழுக்க ரெட்வே என்று சிவப்புப் பாதை போட்டிருக்கிறார்கள், நடக்கவும் சைக்கிளுக்கும். அதைப் பாராட்டி அப்போது பேசும் மனநிலை எனக்கு இல்லை. விடிகாலைக் குளிரில் கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். பாதை ரோட்டுக்கு அடியில் சுரங்கமாகப் போகும் இடங்களில், தலைக்கு மேல் கார்கள் போகும் சத்தத்தில் இதே யோசனைதான். அந்த 19 நாளில் யாராவது குழந்தை குறுக்கே ஓடிவந்திருந்தால்? அடிபட்டவர்களுக்கு எம்ஐபி கொடுத்துவிடும். பிறகு அந்தத் தொகையை என்னிடம் கேட்டு வரும். நான் விசாவில் இருக்கிறவன், திருச்சியில் இருப்பது அப்பா கட்டிய ஒரு வீடு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் போலீஸ்காரர் மேலிருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் போய்விட்டது.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னபோது ஒன்று கவனித்தேன். எம்ஐபி தளத்தில் இன்சூரன்ஸ் உண்டு என்று காட்டினால் போதும் என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். போதாது. கேமரா வண்டியைத்தான் பார்க்கிறது, ஓட்டுகிறவரை அல்ல. நண்பன் காரை வாங்கி ஓட்டுகிறீர்கள், அவன் பாலிசியில் உங்கள் பெயர் இல்லை. கேமரா விட்டுவிடும், ஆனால் மோதினால் நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாதவர்தான். சாயங்காலம் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறவர்கள் சொந்த உபயோகத்துக்கான பாலிசியை வைத்துக்கொண்டு ஓட்டினாலும் அப்படித்தான். கேமராவுக்குத் தெரியாது, பின் சீட்டில் இருக்கும் சதுரப் பை போலீஸ்காரருக்குத் தெரியும். இன்னொரு பக்கம், நிஜமாகவே ஏமாற்றுகிறவன் அதே மாடல் காரின் நம்பரைக் காப்பியடித்துப் பிளேட் மாட்டிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறான். என்னைப் போல மறதிக்காரன் சொந்த நம்பரோடு போய் மாட்டுகிறான்.

தியரி டெஸ்ட்டுக்கு 23 பவுண்ட், ஓட்டும் டெஸ்ட்டுக்கு 62. பணம் கொடுத்தாலும் தேதி கிடைக்க வேண்டுமே. மாதக்கணக்கில் காத்திருந்து அக்டோபரில்தான் கிடைத்தது. அதுவரை எல் போர்டோடு மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். அவள் லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் தாண்டியிருந்ததால் மேற்பார்வையாளர் தகுதி இருந்தது. கல்யாணமான புதிதில் திருச்சி பொன்மலையில் அவளுக்கு கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது ஒவ்வொரு ரவுண்டானாவிலும் "கண்ணாடி பாருங்க, கண்ணாடி பாருங்க" என்பாள். பார்த்தேன். பாஸானேன். அந்த ஆறு பாயிண்ட் நாலு வருஷம் புது லைசென்ஸிலும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். மாதத் தவணை இப்போது 171 பவுண்ட்.

2025 பிப்ரவரியில் ஊரிலிருந்து அண்ணன் போன். ஒடிசாவில் டோல்கேட் கேமராவே இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகளைக் கண்டுபிடித்து சலான் அனுப்ப ஆரம்பித்துவிட்டதாம், செய்தியில் பார்த்தாராம். முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 4,000. "உன் கதைதாண்டா அங்கேயும்" என்று சிரித்தார். உங்க ஸ்கூட்டருக்கு இருக்கா என்று கேட்டேன். "அதெல்லாம் வாங்கும்போதே அஞ்சு வருஷத்துக்குப் போட்டாச்சு."

எப்போது வாங்கினார்? 2019 நவம்பர். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆனது. அதனால் நடுவில் யாரும் புதுப்பிக்கச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நமக்கும் அந்த நினைப்பே அற்றுப்போகிறது. விரல் விட்டு எண்ணிப் பார்க்கச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த ஸ்கூட்டரில்தான் அண்ணி தினமும் ஸ்கூலுக்குப் போகிறார்கள்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸப்பில் புது பாலிசியின் பிடிஎஃப் அனுப்பினார், கட்டைவிரல் படத்தோடு.

"பிடிஎஃப் வேணாம்ண்ணே. ஒரு வாரம் கழிச்சு அரசாங்கத்தோட எம்பரிவாஹன் ஆப்பில உங்க வண்டி நம்பரைப் போட்டு, அது என்ன தேதி காட்டுதுன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க" என்று பதில் போட்டேன்.